நெய்க்காரப்பட்டியில் கொள்ளு

பழனிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள். அது நியாயந்தான், போகிற காரியம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சென்ற தை மாதத்தில் நான் குடும்பத்துடன் பழனிக்குப் போயிருந்தபோது, ஸ்வாமி தரிசனம் ஆன மறுநாள், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பஸ் ஏறும்படி நேர்ந்தது. பல வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் நெய்க்காரப்பட்டியில் விவசாயம் செய்துகொண்டிருக்கிறான். "பழனி வரைக்கும் வந்துட்டு நம்ம ஊருக்கு வராமப் போனீங்கன்னா எங்க அப்பத்தா வருத்தப்படுவாங்க, சார்" என்று டெலிபோனில் சொல்லியிருந்தான். அவனுடைய அப்பத்தாவை எனக்குத் தெரியாது. இருந்தாலும், முகம் அறியாத ஒரு பாட்டியை எதற்காக வருத்தப்பட வைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். என் மனைவியும் குழந்தைகளும் பஞ்சாமிர்தக் கடைகளை ஆராய்ச்சி செய்வதற்காகப் பழனியிலேயே தங்கிவிட்டார்கள்.

நெய்க்காரப்பட்டி என்ற பெயரைக் கேட்டவுடனே உருக்கிய நெய்யின் மணம் மூக்கில் ஏறுவதுபோல் தோன்றும். நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஏறியது வெல்லப் பாகின் மணம். கிணற்றுப் பாசனமும் குளத்துப் பாசனமும் உள்ள நிலங்களில் கரும்பு நிற்கிறது; ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையுமே இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. தென்னந்தோப்புகளுக்கும் குறைவில்லை. தெற்கே பழனி மலைத் தொடர் நீலச் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. இதையெல்லாம் பார்த்த ஒருவனிடம், "இது மழைக்கு ஏங்குகிற பூமி" என்று சொன்னால், சொன்னவனைத்தான் சந்தேகிப்பான்.

ஆனால் அந்த நீலச் சுவரேதான் விஷயம். தென்மேற்குப் பருவக் காற்று கொண்டு வருகிற மழையில் பெரும் பகுதியை மலை அந்தப் பக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. இந்தப் பக்கத்துக்கு வருவது காற்று மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுதான் இவர்களுக்கு நம்பிக்கை. அதுவும் பொய்த்தால், குளம் இருக்கிறவன் குளத்தைப் பார்ப்பான். கிணறு இருக்கிறவன் கிணற்றைப் பார்ப்பான். இரண்டும் இல்லாத மேட்டு நிலத்துக்காரன் வானத்தைப் பார்ப்பான். வடக்கே தொப்பம்பட்டி வட்டாரத்தை நோக்கிப் போகப் போக, அப்படி வானத்தைப் பார்க்கிற நிலமே அதிகம்.

என் மாணவனுடைய நாலு ஏக்கர் மேட்டுக் காடும் அந்த இனத்தைச் சேர்ந்தது. (இந்தப் பிரதேசத்தில் புன்செய் நிலத்தைக் 'காடு' என்றுதான் சொல்கிறார்கள். "காட்டுக்குப் போய்விட்டு வரலாம்" என்று அவன் கூப்பிட்டபோது, நான் கைத்தடி ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.) போகும் வழியிலேயே ரோட்டின் ஒரு பாதியை மறித்து, காய்ந்த கொடிகளைப் பாய் விரித்தாற்போல் பரப்பியிருந்தார்கள். பஸ்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு மூதாட்டி முக்காட்டுடன் ஓரத்தில் நின்று, வண்டி போனதும் கொடியைப் புரட்டிப் போட்டாள். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து மாணவன் சிரித்தான்.

"கொள்ளுங்க, சார். மாடு கட்டி மிதிக்க இப்ப மாடு ஏதுங்க? தடியிலே அடிக்க ஆள் ஏதுங்க? சர்க்கார் பஸ் சும்மாத்தானே போகுது!"

காய்ந்த கொடியின்மேல் ஏறினால் இரண்டு சக்கர வண்டிகள் சறுக்கிவிடும், விபத்துக்களும் நேர்ந்திருக்கின்றன. இது சரியல்ல என்று வாத்தியார் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவனும் வகுப்பில் தலையாட்டின மாதிரியே தலையாட்டினான்.

தெற்கு ஜில்லாக்களில் காணம் என்று சொல்லப்படுகிற இந்தக் கொள்ளைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்த சாஸ்திரமெல்லாம் 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற ஒரு பழமொழிதான். இங்கிலீஷில் இதற்குக் குதிரைக் கடலை என்று பெயர். கம்பெனியார் காலத்தில் சென்னை ராஜதானியின் குதிரைப் படைகளெல்லாம் கொள்ளைத் தின்றுதான் ஓடின. வங்காளத்துக் குதிரைகளுக்குக் கொண்டைக் கடலை. மைசூரையும் கொங்கு நாட்டையும் 1800, 1801-ஆம் வருஷங்களில் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்ஸிஸ் புக்கானன் என்ற டாக்டர், கொள்ளு எப்படிப் பயிராகிறது என்று சிரத்தையாகக் குறித்து வைத்திருக்கிறார். குதிரையின் பெயரைச் சூட்டியதால் நேர்ந்த நஷ்டம் என்னவென்றால், மனிதன் தின்பதற்குக் கூச்சப்பட ஆரம்பித்துவிட்டான்.

தாவர சாஸ்திரிகளும் இதை மரியாதையாக நடத்தவில்லை. ஒரு காலத்தில் 'இரட்டைப் பூ' என்று பொருள்படும் பைப்ளோரஸ் என்ற பெயரால் வழங்கினார்கள்; இப்போது 'ஒற்றைப் பூ' என்று பொருள்படும் யூனிப்ளோரம் என்கிறார்கள். பூ ஒன்றா இரண்டா என்பதிலேயே இவ்வளவு குழப்பம்! ஆனால் வைத்தியர்கள் வேறு விதமாக இதைக் கண்டுகொண்டார்கள். ரத்தத்தில் ஏ என்ற பிரிவுக்குள்ளேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. கொள்ளு விதையின் சாறு ஏ1 ரத்தத்தை மட்டும் திரள வைக்கும் என்று பேர்டு என்ற ஆராய்ச்சியாளர் 1951-ல் வெளியிட்டார். ரத்தப் பரிசோதனைச் சாலைகளில் அந்த முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. இதை நான் சொன்னபோது மாணவனுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. "அதுக்கு என்ன விலை கொடுக்கிறாங்க, சார்?" என்று மட்டும் கேட்டான்.

காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சிவந்த மண், கையளவு மண்ணில் பாதி சரளைக் கல். அறுவடை முடிந்து, உதிர்ந்த இலைகள் மட்டும் தரையில் பழுப்பாகக் கிடந்தன. "இந்த இலையே எருவுங்க" என்றான். வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் நிலமும் தேறுகிறது என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்டே காட்டைச் சுற்றி வந்தோம்.

கொள்ளுக்குச் செய்ய வேண்டிய சிசுருஷை மிகவும் சொற்பம். புரட்டாசியிலோ ஐப்பசியிலோ ஒரு மழை விழுந்து மண் நனைந்ததும் ஓர் உழவு. ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதையைக் கையால் விசிறிவிட்டு, மேலாக ஒரு தடவை ஓட்டிவிட்டால் முடிந்தது. கொடி படர்ந்து தரையை மூடிக்கொள்வதால் களை அதிகம் தலையெடுக்காது. உரம் போடுகிற வழக்கம் இல்லை. பிறகு ஒன்றிரண்டு மழை கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் மார்கழிப் பனியிலேயே காய்த்துவிடும் என்கிறார்கள். சுமார் நூறு நாளில் அறுவடை. ஏக்கருக்கு இரண்டு மூட்டை, அதாவது இருநூறு கிலோ கிடைத்தால் நல்ல மகசூல்.

"அப்படியானால் ஆடியிலேயே விதைத்தால் என்ன? முன்னாலேயே பலன் வந்துவிடுமே" என்று நான் கேட்டேன். இந்தக் கேள்விக்கு அப்பத்தாதான் பதில் சொன்னாள், மாலையில், வீட்டுத் திண்ணையில்.

"ஆடியிலே போட்டா மாட்டுக்குத்தான் தம்பி ஆகும். கொடி ஓடிக்கிட்டே இருக்கும். காய் வெக்காது."

பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் கொள்ளு பூக்கும் என்பதும், முன்னதாக விதைத்தால் கொடியும் இலையுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும் என்பதும் விவசாயக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கும் விஷயம். கிருஷ்ணகிரி ஜில்லா பையூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வானம் பார்த்த பூமிகளுக்காகவே பையூர் 1, பையூர் 2 என்று ரகங்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அப்பத்தா எந்தக் கல்லூரிக்கும் போனவள் அல்ல. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். காதில் தண்டட்டி போட்டு வளர்த்த துளை, நகை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

திண்ணைக்கு உட்பக்கத்தில், இருட்டு மூலையில், வாய் கட்டிய மண் பானை ஒன்று இருந்தது. அதைத்தான் அவள் எனக்குக் காட்ட விரும்பினாள். அடுப்புச் சாம்பல் கலந்த விதைக் கொள்ளு. வண்டு விழாமல் இருக்கச் சாம்பல். அந்தப் பானையைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைச் சொல்லத்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவ மழையை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பருவத்தில் பெய்ய வேண்டியதில் 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. 1917-ல் அல்ல, நம் கண் முன்னே, 2017 ஜனவரியில் மாகாணத்தின் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி ஜில்லாக்கள் என்று சர்க்கார் அறிவிக்கும்படி ஆயிற்று. பொள்ளாச்சி, உடுமலை, பழனிப் பக்கங்களில் தென்னை மரங்கள் தலை தொங்கிப் பட்டுப்போயின. அதற்குச் சில வருஷங்களுக்கு முன் என் மாணவனும் அவன் தகப்பனாருமாகக் கீழ்க் காட்டில் கடன் வாங்கித் தென்னை வைத்திருந்தார்கள். குழாய்க் கிணற்றில் தண்ணீர் நின்றது. லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். ஒரு தென்னை குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்கிக் கட்டுமா? பாதி மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

மேட்டுக் காட்டிலும் ஒன்றும் இல்லை. கொள்ளுப் போடுவதை விட்டு வெகு காலமாகியிருந்தது. "அந்தத் தரித்திரப் பயிரை யார் போடுவார்கள்?" என்று தகப்பனார் சொல்லி நிறுத்திவிட்டாராம். ஆனால் கிழவி மட்டும் வருஷந்தோறும் வேலி ஓரத்தில் ஒரு பாத்தியளவு தூவி, அறுத்து, பானையில் போட்டு வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். அந்த வருஷம் ஐப்பசியில் விழுந்த ஒரே ஒரு மழைக்குப் பானையிலிருந்த விதையை எடுத்து ஓர் ஏக்கரில் விசிறச் சொன்னாள். விளைந்தது ஒரு மூட்டைகூட இல்லை. ஆனாலும் அந்தக் கோடையில் வீட்டுக்கும், விற்காமல் வைத்திருந்த ஒரே பசுவுக்கும் அதுதான். காய் மனிதருக்கு, பொட்டும் கொடியும் பசுவுக்கு.

"மத்தியானமும் கொள்ளு, ராத்திரியும் கொள்ளு. குதிரை கனைக்கிற மாதிரி கனைச்சுக்கிட்டு இருந்தோமுங்க" என்றார் தகப்பனார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறு வருஷத்திலிருந்து நாலு ஏக்கரிலும் கொள்ளு.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தமிழ் வாத்தியாராகி, புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டு ஒன்றைப் பற்றிச் சொன்னேன். ஒரு வறண்ட ஊரை வர்ணிக்கும் புலவர், வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கையும் விட்டால் அங்கே வேறு உணவே இல்லை என்கிறார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறார். அதற்கும் வெகு காலம் முன்பு, பெல்லாரிப் பக்கத்தில் சங்கனகல்லு முதலிய புதிய கற்கால ஊர்களில் வாழ்ந்தவர்களும் கொள்ளு பயிரிட்டார்கள். சாம்பலிலும் மண்ணிலும் கரிந்து கிடந்த விதைகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தென்னாட்டிலேயே காட்டுக் கொடியிலிருந்து வீட்டுப் பயிராக்கப்பட்டது கொள்ளு.

நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்திலேயே, மலையடிவாரத்தில், பொருந்தல் என்ற கிராமம் இருக்கிறது. 2009, 2010-ஆம் வருஷங்களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்தபோது, ஈமக் குழியொன்றில் வைத்திருந்த ஜாடியில் சுமார் இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். இறந்தவரோடு வழிக்கு வைத்தது நெல்! இருக்கிறவர்கள் ஒருவேளை கொள்ளைத் தின்றுகொண்டு, போகிறவருக்கு நெல்லைக் கொடுத்தார்களோ என்னவோ. இது என் ஊகம்தான். ஆனால் கலியாணத்திலும் கருமாதியிலும் எந்தத் தானியத்துக்கு மரியாதை என்பது இன்று வரையில் மாறவில்லை.

இரவு எனக்கு அந்த வீட்டில் விருந்து. விருந்தாளிக்குக் கொள்ளு போடுவதா என்று மாணவனின் மனைவி கூச்சப்பட்டாள்; நான்தான் பிடிவாதம் செய்தேன். வெந்த கொள்ளின் தண்ணீரை வடித்துப் புளியும் மிளகும் சேர்த்து ரசம். கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லியோடு சேர்த்துக் கடைந்த பருப்பு. சூடான சோற்றில் அந்தப் பருப்பைப் போட்டு நல்லெண்ணெய் விட்டார்கள். நெய்க்காரப்பட்டியில் நெய் இல்லையே என்ற எண்ணம் அதோடு போயிற்று. நடுவில் பல்லில் ஒரு கல் கடிபட்டது. ரோட்டில் பஸ் மிதித்ததன் பிரசாதம்.

மறுநாள் காலை, மண்டிக்குப் போகிற மூட்டைகளுடன் நானும் சின்ன லாரியில் பழனிக்குத் திரும்பினேன். மண்டி எது என்று சொல்லப்போவதில்லை; எல்லா ஊர் மண்டியும் அதுதான். முதலாளி மூட்டையின் அடி வரையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கொட்டி ஊதினார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்து ஈரம் பார்த்தார். அப்புறம் வருத்தமான முகத்துடன், "மண்ணு இருக்குதே" என்றார். மண்ணுக்காக மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு, சாக்குக்கு ஒரு கிலோ, கமிஷன் தனி, இறக்கு கூலி தனி. எட்டாம் வகுப்பில் நான் ஒரு மாதம் முழுவதும் நடத்தும் சதவிகிதக் கணக்கை அவர் ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டார்.

அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தையில் எல்லோருடைய களத்திலிருந்தும் ஒரே சமயத்தில் கொள்ளு வருகிறது, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பணம் வேண்டியிருக்கிறது. ஆகவே விலை இறங்குகிறது. காய்ந்த கொள்ளு சீக்கிரம் கெடாது. ஆடி, ஆவணி வரையில் வைத்திருந்தால் நல்ல விலை கிடைக்கும். வைத்திருக்கக் கூடியவன் மண்டிக்காரன். புரட்டாசியில் மழை விழுந்ததும் விதைக்கு ஓடுகிறவனும், தையில் விற்றானே, அதே குடியானவன்தான். தான் விற்ற கொள்ளையே தான் கூடுதல் விலைக்கு வாங்கி விதைக்கிறான். அப்பத்தாவின் பானை இருக்கிற வீட்டில் இந்த ஒரு நஷ்டம் மட்டும் இல்லை.

வியாபாரத்தைச் சீர்திருத்தச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1933-லேயே சென்னை ராஜதானியில் வியாபாரப் பயிர்களுக்கான மார்க்கெட் சட்டம் வந்தது. அதன்படி 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. அது பருத்தி, நிலக்கடலை, புகையிலை முதலிய பணக்காரப் பயிர்களை மனத்தில் வைத்துச் செய்த சட்டம். இன்று மத்திய சர்க்கார் ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். பருப்பு ஜாதியில் அந்தப் பாக்கியம் துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலை, மைசூர்ப் பருப்பு ஆகிய ஐந்துக்கு மட்டும். கொள்ளு அந்தப் பந்தியில் உட்காரவில்லை. துவரை போதாமல் 2016-ல் ஆப்பிரிக்காவிலுள்ள மொஸாம்பிக் தேசத்தோடு நாம் உடன்படிக்கை செய்துகொண்டோம். கடல் கடந்து துவரை வருகிறது. அதே 2016-ஐ உலக நாடுகளின் சபையார் சர்வதேசப் பருப்பு வருஷம் என்று கொண்டாடினார்கள். நெய்க்காரப்பட்டியில் கிழவியின் பானை திறந்ததும் அந்த வருஷந்தான். துவரை வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்காமல், உரம் கேட்காமல் நம் சரளைக் காட்டிலேயே விளைகிற பருப்புக்கும் ஒரு விலை சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

கொள்ளு வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள். மாணவனின் பாட்டனார் நாளில் வீட்டில் ஒரு ஜோடி காங்கேயம் காளை. விளைந்ததில் பாதியை அவைகளே தின்றுவிடும். வண்டிக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். காளைகள் போய் டிராக்டர் வந்தது. அது கொள்ளு தின்பதில்லை. இப்போது பட்டணங்களில் உடம்பு இளைக்க வேண்டியவர்கள் வாங்குகிறார்கள். பஞ்சாமிர்தக் கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே, வழவழப்பான காகிதப் பையில், 'கல் நீக்கியது' என்று அச்சடித்து விற்றார்கள். மண்டியில் சொன்ன விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். என் மனைவி ஒரு பை வாங்கியிருந்தாள். எனக்காகத்தானாம்.

புறப்படும் சமயம் மாணவன் என்னைத் தனியாக அழைத்து ஒரு யோசனை கேட்டான். மேட்டுக் காட்டை மனைக்கட்டாகப் பிரிக்க ஒருவர் விலை கேட்கிறார். கொடுக்க இஷ்டமில்லை, ஆனால் கொள்ளை வைத்துக்கொண்டு தென்னைக்கு வாங்கிய கடனை அடைக்க முடியாது. மறுபடியும் ஒரு போர் போட்டு, மேட்டுக் காட்டிலும் தென்னை வைக்கலாமா என்று தகப்பனார் நினைக்கிறார். நான் என்ன சொல்வது? மாதச் சம்பளக்காரன். "அப்பத்தா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் சொல்லாதுங்க, சார். பானையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்குது."

ஐப்பசி கடைசியில் அவனிடமிருந்து செய்தி வந்தது. மனைக்காரருக்குக் கொடுக்கவில்லையாம். இரண்டு ஏக்கரில் கொள்ளு போட்டு, முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. மற்ற இரண்டு ஏக்கருக்காகப் போர் போட்டார்கள். தொள்ளாயிரம் அடி வரையில் இறங்கியும் புகைதான் வந்ததாம். இன்னும் நூறு அடி போகலாமா என்று ரிக் வண்டிக்காரர் கேட்டுக்கொண்டு நிற்பதாக எழுதியிருந்தான்.